கப்பலூரில் நாற்பது வளையங்கள்

கப்பலூரில் கப்பல் இல்லை.
டோல்கேட் உண்டு, சிட்கோ உண்டு,
மழை பெய்தால் லாரித் தடங்களில்
நாலு நாள் நிற்கும் தண்ணீர் உண்டு.
எங்கள் தகரக் கூரைக்கு மேல்
பெருங்குடியில் இறங்கப்போகும் விமானம்
சக்கரத்தைக் கீழே விட்டபடி போகும்.

நாற்பது வளையத்துக்கு ஆர்டர்.
ரப்பரில் வெள்ளிப்பொடி கலந்து வார்த்தது,
கைக்குழந்தைக் காப்பு அளவு.
விமானம் தாங்கிக் கப்பலின் ராடாருக்கு என்றார்கள்.
உச்சியில் சுழலும் தட்டுக்கு
அடியிலிருந்து அலை ஏறிப்போகும் குழாய்,
குழாயும் குழாயும் முத்தும் இடத்தில்
எங்கள் வளையம்.
உள்ளிருக்கும் அலை ஒழுகக் கூடாது.
வெளியிருக்கும் உப்புக்காற்று நுழையக் கூடாது.

நுழைந்தால்?

கொச்சியிலிருந்து வந்த பிஸ்வால் சார்
தமிழ் பாதி, இந்தி பாதி, மீதியைக் கையால் சொல்வார்.
"திரையில் இல்லாதது தெரியும்.
இருப்பது தெரியாது."

நான் அளப்பவள்.
ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்து
லென்ஸில் கண்ணை ஒட்டிச் சுற்றிவருவேன்.
மயிரிழை வெடிப்பு, ஊசிமுனைக் குமிழ்,
வார்ப்பு சேர்ந்த கோட்டில் ஒரு பிசிறு:
ஒதுக்கு.
ஒதுக்கியதை இரண்டாய் வெட்டி எண்ணி எழுத வேண்டும்.
வாசலைத் தாண்டக் கூடாது எதுவும்.

தேறியது இருபத்தெட்டு.
வெட்டிய துண்டு இருபத்திரண்டு.
கூட்டிப் பாருங்கள், நாங்கள் ஆறு தடவை கூட்டினோம்.

ஷட்டரை இறக்கினார்கள்.
முதலாளி ராமசுப்பு வேட்டியை ஏற்றிக் கட்டி
பிரஸ்ஸுக்கு அடியில் டார்ச் அடித்தார்.
குப்பைக்கூடை, சாக்கடைச் சல்லடை,
பேச்சியின் செருப்புக்குள்கூட.
இருநூறு கிலோமீட்டர் பார்க்கும் கருவியின் துண்டு
இருபதடி ஷெட்டுக்குள் தெரியவில்லை.

தவழ்ந்துகொண்டே கேட்டேன்,
அந்த அலை தொட்ட புள்ளியைத்தான்
பீரங்கி திரும்பிப் பார்க்குமா சார்?
ஏவுகணைக்கும் அதுதான் வழி சொல்லுமா?
தலையாட்டினார்.
புள்ளி மீன்பிடிப் படகாய் இருந்தால்?
டார்ச்சை அணைத்தார். கொஞ்சம் நேரம் எடுத்தது.
"அதற்குத்தான் உன்னை அளக்கச் சொல்வது."

சோற்று மணி அடித்தது.
ஒச்சம்மா தூக்குவாளியைத் திறக்கப் போனவள்
மூடியில் கை வைத்தபடி நின்றாள்.
முகம் வெளுத்துவிட்டது.

சித்திரையிலிருந்தே ரசம் ஒழுகுது சார்.
பஸ்ஸில் பக்கத்தாள் சேலையெல்லாம் கறை,
தினம் சண்டை.
கழிச்ச தட்டில்தானே கிடந்துச்சு...

பிஸ்வால் சார் வாளியை வாங்கினார்.
மூடியை ஒரு தரம் இறுக்கினார்.
தன் வெள்ளைச் சட்டைக்கு நேராகத்
தலைகீழாய்க் கவிழ்த்துப் பிடித்தார்.
நாங்கள் மூச்சு விடவில்லை.
உலுக்கினார்.
சொட்டுகூட இல்லை.

சிரித்தது முதலில் அவர்தான்.
பிறகு வளையத்தைக் கழற்றிக்
குழாயில் கழுவி, துடைத்து,
கத்தரியை அவரே எடுத்தார்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை
இடக்கையால் மறைத்துக்கொண்டு
வெகுநேரம் எழுதினார்.

இருபத்தெட்டும் பெட்டிக்குள் போயின.
எந்தக் கடல் என்று யாரும் சொல்லவில்லை.
விளக்கணைத்த தளத்தைத் தேடி
எண்ணெய் குறைந்த ஒரு விமானம்
ராத்திரியில் திரும்பும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
நகர்ந்துகொண்டே இருக்கும் ஊருக்கு
வீடு திரும்புவது எப்படி?
லென்ஸில் ஒட்டிய கண் அன்றைக்குத்
தூங்கும்போதும் வட்டம் சுற்றியது.

அடுத்த நாள் ஒச்சம்மா
பாலிதீன் தாளை மடித்து மூடிக்குள் திணித்து வந்தாள்.
செக்கானூரணி தாண்டுமுன்
மடியெல்லாம் ரசம்.