பாயிண்ட் பார்ப்பவள்

மழை பிடித்துக்கொண்டால் களத்தில் ஜவ்வரிசி காயாது.
மின்னாம்பள்ளி தாண்டி, சேகோ ஆலையின்
எடைமேடை அறையில், சனிக்கிழமை ராத்திரி
ஆறு பேர்.
முதல் இரண்டு சுற்றுக்குப் பந்தயம் ஒரு ரூபாய்,
பிறகு இரண்டு.
ஆசை எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் வைக்க முடியாது.
சட்டம் இருதயராஜ் கொண்டுவந்தது:
ஏற்காட்டு ஓட்டலில் ரூம்பாயாக இருந்தபோது
தூக்கம் வராத ஒரு விருந்தாளியிடம் கற்றது.
கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து.
ரம்மிக்குப் பழகிய விரல்களுக்கு முதலில்
பாதிக் கை களவுபோன மாதிரி இருந்தது.

பகலில் என் வேலை கிழங்குக்குப் பாயிண்ட் பார்ப்பது.
லாரியிலிருந்து ஐந்து கிலோ எடுத்துத்
தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டால்
மாவு எவ்வளவு என்று முள் சொல்லிவிடும்.
பருமன் ஏமாற்றும். மண்ணும் எடைதான்.
சீட்டையும் அப்படித்தான் எடுக்கிறேன்.
ராஜாவும் ஏழும் வந்தால் கவிழ்ப்பேன்.
ராணியும் மூன்றும், கவிழ்ப்பேன்.
ஒரே ஜாதி என்பதற்காகவே
இரண்டு சீட்டை நம்பிக் கூடவே போகிறவர்கள்
இந்த ஜில்லாவில் அதிகம்.
நான் அதையும் கவிழ்ப்பேன்.

"சவுடேஸ்வரி, ஆட வந்தியா, மழைக்கு ஒதுங்க வந்தியா?"
வாட்ச்மேன் நல்லப்பன் கேட்பார், வாரம் தவறாமல்.

கடைசியில் பேசுகிற இடம் நல்ல இடம்.
எல்லோரும் சொல்லி முடித்த பிறகு சொல்லலாம்.
வீட்டில் அது தண்டனை, இங்கே லாபம்.

பொய் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
கையில் ஒன்றுமில்லை. ஏற்றினேன், மறுபடி ஏற்றினேன்,
முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.
லாரி ஓட்டும் மாதேஸ்வரன்
நாலாம் நம்பர் ஜோடியோடு கடைசி வரை வந்தான்.
"என்ன தைரியத்துல வந்தீங்க?" என்றேன்.
"உன்னை நம்பாம இல்லக்கா.
என்ன இருக்குதுன்னு பார்க்கணும்ல?"

அன்றோடு விட்டேன்.
பார்க்க வந்தவனை மிரட்டித் திருப்பி அனுப்ப முடியாது,
டிக்கெட் இரண்டே ரூபாய்தான் என்னும்போது.
நல்ல சீட்டு இருந்தால் காசை வை. பதுங்காதே.
அவ்வளவுதான் இந்த மேசையில் வித்தை.
நாலு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மேலே இருக்கிறேன்.
பஸ்ஸுக்கும் டீக்கும் ஆயிற்று.

போன வாரம் ராஜா ஜோடி வந்தது.
ஏற்றினேன். ஆறு பேரும் வந்தார்கள், யார் போவார்கள்?
ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் இரண்டு, கிளாவர் நாலு.
ஷபீரைத் தவிர எல்லோரும் தொடர்ந்தார்கள்.
அடுத்து ஸ்பேடு ஏழு. மூன்று பேர் மிச்சம்.
கடைசிச் சீட்டு, ஆர்ட்டின் ஜாக்கி.

வறுக்கும் தட்டில் வேலைசெய்யும் பச்சியப்பன்
இந்த நாலு மாதத்தில் முதல் ஆளாகக் காசு வைத்ததே இல்லை.
பிறர் வைப்பார்கள், அவர் பின்னால் போடுவார்.
இப்போது அவர் கை நீண்டது.
தழும்பேறிய விரல்களிலிருந்து இரண்டு ரூபாய்
சத்தமில்லாமல் இறங்கியது.
மாதேஸ்வரன் போட்டான். அவனைச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரியும்.
பொய்க்காக இரண்டு ரூபாய் செலவழிக்கிற மனிதரில்லை அவர்.
ஆனாலும் நடுவில் கிடப்பது இருபத்தேழு.
பதினாலு தடவையில் ஒரு தடவை
நான் ஜெயித்தாலும் போட்டது வீணில்லை.
கணக்கு சரி.
கணக்கு முடிவதற்குள் என் காசு அங்கே கிடந்தது,
அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆர்ட்டின் மூன்று. ஆர்ட்டின் ஐந்து.
"இதை வெச்சுக்கிட்டா முதல்லேர்ந்து வந்தீங்க?"
"ஒரே ஜாதிம்மா" என்றார் பச்சியப்பன்,
ஏதோ தப்புச் செய்தவர் போல.
மாதேஸ்வரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்:
"நீயும் பார்க்கத்தான் வந்தியாக்கா?"
"கணக்கு" என்றேன்.

அவர் துண்டில் அள்ளிக்கொண்டார், எண்ணவில்லை.
தகரக் கூரைமேல் மழை குறைகிற மாதிரி இருந்து
மறுபடி பிடித்தது.
இருதயராஜ் சீட்டுப் போட்டான்.
ராஜாவும் ஏழும்.
கவிழ்த்தேன்.