விபத்துப் பதிவேடு, பாம்பன்

கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்: கேஷ்.
சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.
மேசையில் கிடந்த நம்புகாளி
தலையைத் தூக்கினாள்.
"கேஷா? தருமாஸ்பத்திரின்னுதானே வந்தேன்.
இடுப்புல இருவது ரூவாதான் இருக்கு."
துட்டு இல்லக்கா, காயத்துக்குப் பேரு அது.
"காயத்துக்குமா துட்டுப் பேரு" என்றாள்
மின்விசிறியிடம்.

இடது உள்ளங்கை.
பெருவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை
வாய் திறந்திருந்தது.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
பாசி எடுக்கிறவள்;
கேட்க வேண்டியதில்லை.

கதவோரம் ஆம்புலன்ஸ் மீரா நைனா,
பதினோரு வருஷம் கப்பலில் பாத்திரம் தேய்த்தவர்:
"எங்க கப்பல்ல எச்சில் வாளிக்குப் பேரு கேஷ்.
மிஞ்சுனது, வேண்டாதது,
கடல்ல கொட்டுறது எல்லாமே கேஷ்தான்."
வெட்டுக்குப் பக்கத்திலேயே
வெட்டி என்றொரு சொல் உட்கார்ந்திருப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

மரத்துப்போக ஐந்து நிமிடம் ஆகும்.
போனில் தேடினேன்.
கெட்ட ரத்தம் இறங்கட்டுமென்று
தோலைக் கீறிவிட்ட
பழைய பிரெஞ்சு வைத்தியர்களிடமிருந்து வந்ததாம்.
வரும் வழியில்
நடுவிலிருந்த ரகரத்தைத் தொலைத்துவிட்டதாம்.
அதற்கும் முன்னால் கிரேக்கத்தில்
கூராக்கு, கீறு, பொறி.
அதே வயிற்றில் பிறந்த இன்னொன்று கேரக்டர்:
முதலில் எழுத்து, பிறகு குணம்.
பள்ளிக்கூடம் விடும்போது
தலைமையாசிரியர் எனக்கு
நல்லது என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாரே, அது.
இதில் வியக்க என்ன,
கல்லில் வெட்டினால்
நமக்கும் அது எழுத்துதான்.

முதல் தையல். இரண்டாவது.
மூன்றாவதில் கேட்டாள்:
"நோட்டுல என்னன்னு எழுதுவீங்க?"

எதனால், எங்கே, இரண்டு கட்டம்.
தீவோரம் பார் கிழித்தது என்று எழுதினால்
வனத்துறை நகல் கேட்கும்.
போன மாசம் அபராதம் கட்டியவள்
இவள் கொழுந்தியா.
"அருவாமனைன்னு போட்டுருங்க சிஸ்டர்.
வெளமீன் அறுக்கையில வழுக்கிருச்சுன்னு."

அரிவாள்மனை இப்படிக் கடிக்காது.
ஓரமெல்லாம் பிசிறு.
உள்ளே வெள்ளையாய் ஒரு துணுக்கு,
இடுக்கியில் எடுத்துத் தட்டில் போட்டேன்.
டிங் என்றது.
இருவரும் அதைக் கேட்டோம்.

தமிழில் யோசித்தால் மாட்டிக்கொள்கிறேன்.
வெட்டு என்றால் இரும்பைக் கேட்கும்.
குத்து என்றால் ஆளைக் கேட்கும்.
கீறல் முள்ளுக்குப் போதும்,
ஏழு தையலுக்குப் போதாது.
அந்த ஊர் தெரியாத சொல்லோ
நீளமும் ஆழமும் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொள்கிறது.

டாக்டர் சொன்னதையே எழுதினேன், நாலு எழுத்து.
எதனால்: நினைவில்லை என்கிறார்.
எங்கே: பாம்பன்.
பாலமும் பாம்பன், கடலும் பாம்பன்,
அவள் அடுப்படியும் பாம்பன்தானே.

தட்டிலிருந்த துணுக்கை
நல்ல கையால் எடுத்து
இருபது ரூபாயோடு முடிந்துகொண்டாள்.

தையல் பிரிக்கப் பத்து நாள் கழித்து வாங்க.
அதுவரை தண்ணியில இறங்கக்கூடாது.

"பத்து நாளா?"
விரல் மடக்கி எண்ணப் பார்த்தாள்,
கட்டுப் போட்ட கையில்.
"அம்மாவாசை வந்துருமே சிஸ்டர்."