பன்னிரண்டுக்கும் எழுபதுக்கும் நடுவே

அமகாசாகியில், ஆற்றுப் பாலத்துக்கு இப்பால்
ஒரு நீல வட்டப் பலகை:
பெரிய ஆள் ஒன்று, சின்ன ஆள் ஒன்று,
காலடியில் ஒரு சைக்கிள்.
அதுவரை நடைபாதையில் ஓட்டலாம்.
பாலம் தாண்டினால் பலகை இல்லை.
பாதை அதேதான், அகலம் அதேதான்,
சட்டம் மட்டும் இறங்கிக்கொள்கிறது.

பன்னிரண்டு வயதுவரை ஏறலாம்,
எழுபது ஆனவர் ஏறலாம்.
ஹிசாயோவாகிய எனக்கு ஐம்பத்தெட்டு.
இன்னும் பன்னிரண்டு வருஷம்
லாரிகளோடுதான் குடித்தனம்.

நிறுத்திச் சொன்ன போலீஸ்காரப் பையனின்
சட்டைப் பையில் பேனா ஒழுகியிருந்தது.
ஆபத்து என்றால் ஏறலாமாமே, என்றேன்.
உங்களுக்கு அப்படித் தோன்றினால் மட்டும்
போதாது, என்று தொடங்கினான்.
துறைமுகத்துக்குப் போன கன்டெய்னர் ஒன்று
மிச்ச வாக்கியத்தை
இழுத்துக்கொண்டு போயிற்று.

நானும் ஒன்றும் அப்பாவி இல்லை.
போன மாதம், மருந்துக்கடை வாசலில் திரும்புகையில்
யாருடைய முழங்கையோ கைப்பிடியில் தட்டியது.
துணிப்பையிலிருந்து வெங்காயத்தாள் சரிந்து விழ
அதன்மேல் என் பின்சக்கரம்.
மன்னிக்கணும், மன்னிக்கணும்.
சைக்கிளையும் பிடித்துக்கொண்டு
எத்தனை முறைதான் குனிவது?
குனிந்தது அவளுக்குத் தெரியவும் இல்லை.
வெள்ளைக் கம்பு நழுவியிருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
மஞ்சள் மேடுகளைக் கம்பால் தேடிப் பிடித்த பிறகு
மணி அடித்திருக்கலாமே, என்றாள்,
கோபமே இல்லாமல்.

நடப்பவர்களை மணியடித்து விரட்டுவது
மரியாதை இல்லை என்றுதான்
பூனைபோல வந்தேன் என்று
அவளிடம் எப்படிச் சொல்ல?
அன்றிரவு பென்டோ ஆலையில்
கையுறைக்குள்ளும் வெங்காயத்தாள் வாசனை.

மறுநாள் சாலையில் இறங்கினேன்.
எனக்கென்று ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள்,
கோட்டுக்கு இப்புறம் மடக்கிய குடை அகலம்,
அதில் பாதி சாக்கடை மூடி.
லாரி முதலில் தள்ளுகிறது, பிறகு இழுக்கிறது.
ஒரு கல்யாணத்தை முடித்து வந்தவள் நான்,
அந்த இழுப்பு பழகியதுதான்,
ஆனாலும்.
நின்றிருந்த பார்சல் வேனைச் சுற்றி வெளியே வந்தபோது
ஒரு ஹாரன்.
ஐம்பத்தெட்டையும் ஒவ்வொன்றாக
எலும்புக்குள் எண்ணிக் காட்டியது.

மூன்றாவது சிக்னலில் விளிம்புக்கல் ஏறினேன்.
ஏறியதும் இறங்கிவிட்டேன்.
தள்ளிக்கொண்டு போனால் நான் பாதசாரியாம்,
சட்டமே சொல்கிறது.
நடைபாதை என்ற சொல்லிலும்
நடைதானே முன்னால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடப்பவள்.
முதுகுக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டால்
தோள் தானாகச் சுருங்கும்.
வளர்ந்த மனுஷி, ரோட்டில் போனால் என்ன
என்று முணுமுணுப்பேன்.
முன்கூடையில் கீரைக்கட்டும்
முகத்தில் என்னுடைய அதே அவசரமுமாக
ஒருத்தி உரசாமல் கடந்து போவாள்.
அவளுக்கும் எழுபது ஆகவில்லை.

தள்ளி நடந்தால் பதினொரு நிமிஷம் தாமதம்.
வருகைக் கடிகாரம் சிவப்பில் அச்சடிக்கிறது.
மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரியும்.
சில நாள் மழை, சில நாள் முழங்கால்,
சில நாள் ஏறி ஓட்டியும் விடுகிறேன், யாரும் இல்லையென்றால்.

மருந்துக்கடை வாசலில் மட்டும்
கட்டாயம் இறங்கி
ஒருதரம் மணியடிக்கிறேன்,
யாரும் இல்லையென்றாலும்.