தபோனுகோக் கணக்கு

சூறாவளி போன இருபத்தேழாம் நாள்.
லுக்கியோ மலைச்சரிவில் எங்களை இறக்கிவிட்டார்கள்.
கையிலிருந்த படிவத்தில் நான்கே கட்டம்:
நிற்கிறது, சாய்ந்தது, முறிந்தது, வேரோடு போனது.
நெரெய்தா அலுமினியத் தகட்டைக் கட்டைவிரலால் துடைத்து
எண் வாசிப்பாள்.
பென்சில் என்னிடம்.

யக்ரூமோ வரிசையாக மூன்றாம் கட்டம்.
இரட்டை முகக்காரனைத் திட்ட
இங்கே இதன் பெயரைத்தான் சொல்வார்கள்:
இலைக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை.
தண்டுக்குள் பொள்ளல்.
விரித்த குடையை மடக்கத் தெரியாமல்
நின்றவாக்கில் முறிந்திருக்கிறது.
வளைந்தால் பிழைக்கலாம் என்கிற புத்திமதி
புல்லுக்குச் சொன்னது;
மரத்தை யாரும் கேட்கவில்லை.

சியேரா பனை
வழிப்பறிக்காரனிடம் பையைக் கவிழ்த்துக் காட்டியவன் மாதிரி
மட்டை அத்தனையும் கொடுத்துவிட்டு
மொட்டையாக நிற்கிறது. முதல் கட்டம்.

அவுசுபோவும் முதல்தான்.
ஆணி இறங்காத கட்டை.
அவசரப்படாமல் வளர்ந்ததற்கு
இன்றுதான் கூலி.

கீழே சாலையோரம் ஒரு ஃப்ளம்போயான்,
அகலக் கிளை, மேம்போக்கு வேர்,
யாருடையதோ டொயோட்டாவின் மேல் பூவோடு கிடந்தது.
எங்கள் எல்லைக்கு வெளியே; எழுதவில்லை.
"உன் வீட்டுக் கூரை?" என்றேன்.
"நான்கு" என்றாள்,
அடுத்த தகட்டைத் தேடிக்கொண்டே.

முகட்டில்தான் தகராறு.
தபோனுகோ, 2207 முதல் 2210 வரை.
மூன்று நிற்கின்றன.
2209 இந்தக் காற்றில் விழவில்லை,
பத்தொன்பது வருடம் முன்பு
வேறொரு காற்றில் இடுப்போடு போனது.
கிளை இல்லை, ஓர் இலை இல்லை.
ஆனாலும் முறிந்த வாயைப் புதுப் பட்டை
மூடிக்கொண்டு வருகிறது.
கத்தி முனையால் கீறினேன்: பச்சை.
யார் சோறு போடுகிறார்கள் இதற்கு?

நெரெய்தா பூட்ஸ் காலால் மண்ணை ஒதுக்கினாள்.
வேர்மேல் வேர்,
எது எவருடையது என்று பிரிக்க முடியாமல்
ஒட்டி, ஒரே தோலாகி,
நான்குமாகச் சேர்ந்து ஒரு பாறையைப் பிடித்திருந்தன.

முறிந்தது என்றேன்.
நிற்கிறது என்றாள்.
நான்கு மரமா இது, ஒன்றா?
படிவம் அதைக் கேட்கவில்லை.
இரண்டு கட்டத்திலும் குறி போட்டேன்.
அலுவலகத்தில் எஃப்ரைன் திட்டுவான்.
திட்டட்டும்.

இறங்கும் வழியில்
செத்த யக்ரூமோக்களின் காலடியில்,
வெயில் புதிதாக விழுந்த இடமெல்லாம்
நகத்தளவு முளை.
தகடு இல்லை, எண் இல்லை.
மிதிக்காமல் நடப்பது கஷ்டமாக இருந்தது.

தபோனுகோவின் காயத்தில் வடிந்து இறுகிய பிசினை
ஒரு பிடி பாலிதீனில் சுருட்டியிருந்தாள்.
குங்கிலியத்துக்குப் பக்கத்து வீட்டு மணம்.
மின்சாரம் எப்போது வருமோ,
ராத்திரி கொளுத்திக்கொள்ளலாம்,
மெழுகுவர்த்தியைவிட நேரம் பிடிக்கும் என்றாள்.

"புகையுமே?"

"கூரைதான் இல்லையே."