எதை வைத்துவிட்டு வருவது

மலையிறங்கி சோண்டாக் காற்று வருவதற்கு முன்பே
என் இடது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.
சான் ஹுவான் வானொலி மத்தியானம்தான் சொல்லும்:
அனல்காற்று வருகிறது, சன்னலைச் சாத்துங்கள்.
விடியலிலேயே சாத்திவிட்டேன் நான்,
கண்ணையும் சேர்த்து.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மேலங்கி தைக்கிறேன்.
எல்லாம் வெள்ளை.
வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்,
அதன்மேல் குழல்விளக்கின் வெள்ளை.
ஊசிக் காதின் ஓரத்தில் முதலில்
உடைந்த கண்ணாடி விளிம்புபோல் ஒரு நெளிவு மினுங்கும்.
அப்புறம் இருபது நிமிஷம்.
இருபது நிமிஷத்தில் ஒரு கழுத்துப்பட்டியை முடித்துவிடலாம்.
முடித்திருக்கிறேன்.

டாக்டர் இதுர்பிதே நல்லவர்,
மாத்திரை மாற்றும்போதெல்லாம்
மன்னிப்புக் கேட்கிற மனிதர்.
வலிப்புக்காரர்களின் மாத்திரை தந்தார்:
வார்த்தைகள் தொலைந்தன.
கத்தரிக்கோலைக் கேட்க வாயெடுத்து
'அந்த, ரெண்டு கால்' என்றேன்.
ரத்த அழுத்த மாத்திரையில்
மூன்று படி ஏறினால் மூச்சிரைத்தது.
அடுத்ததில் ஆறு கிலோ ஏறினேன்,
வலி இறங்கவில்லை.
நெற்றி தொடங்கிப் பிடரிவரை முப்பத்தோரு ஊசி.
மூன்று மாதம் புருவம் அசையவில்லை.
'எங்கே செய்துகொண்டாய், எவ்வளவு ஆச்சு?'
என்றாள் நாத்தனார், பொறாமையோடு.
உள்ளே எல்லாம் அசைந்துகொண்டுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு ரொசால்பா
உருளைக்கிழங்கு வில்லைகளை நெற்றியில் ஒட்டினாள்.
வெந்ததுபோல் சுருண்டு விழுந்தன.

எந்த மருந்துக்கும் கேட்கவில்லை.
காது இருந்தால்தானே கேட்கும்.

வலி வந்த நாளைக் குறித்துவரச் சொன்னார் டாக்டர்.
இப்போதெல்லாம் வராத நாளைக் குறிக்கிறேன்,
மை மிச்சம்.

ஆகஸ்டில் வாயெசித்தோ போனேன்.
பாலைவனத்தில் தாகத்தால் செத்த தாய் ஒருத்தியின் குன்று.
செத்த பின்னும் அவள் மார்பில்
பிள்ளை பால் குடித்துக் கிடந்ததாம்.
வருகிறவர்கள் அவளுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்,
ஆளுக்கொரு பாட்டில்.
வேண்டியது கிடைத்தவர்கள் திரும்பி வந்து
கிடைத்ததை வைக்கிறார்கள்.
வீடு கட்டியவன் கைப்பிடியளவு வீடு.
லாரிக்காரன் எண் பலகை.
எவளோ ஒருத்தி தன் கல்யாண கவுன்.
படியில் நின்று யோசித்தேன்.
எனக்குக் கிடைத்தால் எதை வைத்துவிட்டு வருவது?
இல்லாமல் போன ஒன்றை
என்ன அளவில் செய்யச் சொல்வது,
மரத்திலா, தகரத்திலா?

என் பாட்டிலை வைக்கக் குனிந்தேன்.
ஆயிரம் பாட்டில், ஆயிரத்திலும் வெயில்.
அங்கேயே தொடங்கியது நெளிவு,
சாமியின் காலடியில்,
நான் கொண்டுபோன தண்ணீரிலிருந்தே.

சிரிப்புத்தான் வந்தது முதலில்.
பிறகு வாந்தி.

திரும்பும் பேருந்தில் முன்னிருக்கையில் விழுந்தேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
'எந்தப் பக்கம்?'
'இடது.'
'என் தங்கைக்கு வலது' என்றார்,
ஏதோ ஊர்க்காரி என்று தெரிந்துகொண்டதுபோல.
பாட்டை நிறுத்தினார்.
பின்னிருக்கையில் முணுமுணுத்தவர்களுக்கு
'ரேடியோ பழுது' என்று பொய் சொன்னார்.
தன் ஜாக்கெட்டை என் சன்னலில் மாட்டினார்.
பெட்ரோலும் ஆரஞ்சுத் தோலும் நாறியது அது.
குமட்டியது. எடுக்கச் சொல்லவில்லை நான்.

காவுசேத்தே ஊருக்குள் ஏழு வேகத்தடை.
ஏழிலும் அந்தப் பழைய பேருந்தை,
தோளில் தூங்கிவிட்ட பிள்ளையைக்
கட்டிலில் கிடத்துவதுபோல்
மெல்ல மெல்ல இறக்கினார்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
வலி குறையவில்லை.
ஏழு மட்டும் ஞாபகமிருக்கிறது.

இறங்கும்போது கேட்டேன்:
'தங்கைக்கு எது கேட்டது?'
'ஒன்றுமே இல்லை' என்றார் வென்செஸ்லாவோ.
கதவை மூடப் போனவர்
பாதியில் நிறுத்திச் சொன்னார்:
'ஆனால் புதன்கிழமை புதன்கிழமை
டான்ஸுக்குப் போகிறாள்.
முடிந்தால்.'