சளிக்கு நாற்பது நிமிடம்

கூடலூரிலிருந்து நடுவட்டம் வரை
சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
பைக்காராவில் மழை பிடித்தது.
பேருந்தின் ஷட்டரை இறக்கினார்கள்.
இருட்டில் அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

வழக்கறிஞர் ஹேமாவதி போஜனின் அறை
ஊட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே.
வர்க்கி வேகும் வாசம் படியேறி வந்து
கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது.
ஸ்வெட்டருக்கு மேலேயே கருப்பு கோட்.
"அழணும்னா அழுங்க.
இல்லேன்னா தேதியிலிருந்து ஆரம்பிங்க."

தேதி தெரியும்.
2019 ஆகஸ்ட், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்.
பல்கலைக்கழக மருத்துவ மையம், மூன்றாம் அறை.
சளி, கொஞ்சம் இளைப்பு.
மூச்சை இழு என்றார். விடு என்றார்.
ஸ்டெதஸ்கோப் மேசைமேலேயே கிடந்தது.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அது எனக்கு உதவியது.

"உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூணு மாசத்துல எழுதியிருக்கணும்.
காரணம் சொன்னா இன்னொரு மூணு."
மூன்று மாதத்தில் நான்
அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் போகாமல்
விடுதிக்குப் போகும் வழியைத்தான் கண்டுபிடித்திருந்தேன்.
ஆறு மாதத்தில், சத்தமில்லாமல் இரும.

"நஷ்டஈட்டு வழக்குக்கும் காலம் போயிடுச்சு.
மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்,
பேருக்கு முன்னால இருக்கிற 'டாக்டர்' போகணும்னா அங்கதான்.
அப்புறம் மகளிர் காவல் நிலையம்.
நீங்க சொல்றதுக்குக் காலக்கெடு கிடையாது.
ஆனா ஏன் இத்தனை வருஷம்னு கேட்பாங்க.
எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டு தடவை கேட்பார்.
சட்டம் புதுசா மாறியிருக்கு;
உங்களுக்கு நடந்தது முன்னாடி,
அதனால பழைய பிரிவுதான்."

பிடித்திருந்தது அது.
பழைய காயத்துக்குப் பழைய எண்.

"மாஜிஸ்திரேட்கிட்ட வாக்குமூலம்.
பேரை யாரும் அச்சிடக் கூடாது.
விசாரணை, மூடிய அறையில."

மூடிய அறை.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தார்.
மூடுபனி உள்ளே வந்து
மேசையின் ஓரத்தை எடுத்துக்கொண்டது.

சாட்சி?
பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.
வாசலில் பெயர் எழுதும் பிலோமி அக்காவுடையது.
அன்று அவரை டீ வாங்க அனுப்பியிருந்தார்.
கொரோனாவில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.
பழைய பேப்பர்காரனுக்குப் போட்ட கட்டிலிருந்து
இதை மட்டும் உருவி வைத்திருக்கிறார்.
போன ஏப்ரலில் போன் செய்தார்:
"எழுத்து என்னோடது பாப்பா. தூக்கம் வரல."

உள்ளே 3.58, வெளியே 4.05. காய்ச்சல். பையன்.
உள்ளே 4.10, வெளியே 4.50. சளி. நான்.

ஹேமாவதி பென்சிலால் தொட்டுத் தொட்டுப் போனார்.
தலைவலி, முப்பத்தைந்து நிமிடம்.
மருத்துவச் சான்று, ஐம்பது.
பதினொன்றில் பென்சில் நின்றது.
"இதுல யாரையாவது தெரியுமா?"

ஒருத்தியைத் தெரியும்.
கோத்தகிரிக்காரி. என் பக்கத்துக் கட்டில்.
எனக்குப் பதினாறு நாள் முன்னால் அவள்.
பாதியில் படிப்பை விட்டுப் போனபோது
கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.
பெயரை எழுத மாட்டேன்.
சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

"நோட்டைக் கொடுத்தா முழுசாத்தான் போகும்," என்றார்.
"போலீஸ் அவங்க வீட்டுக் கதவையும் தட்டும்."
கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
நான் போடவில்லை. மறுக்கவும் இல்லை.
வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.
கட்டணம் கேட்டேன். கீழே ஒரு வர்க்கி வாங்கித் தின்னச் சொன்னார்.

பேருந்து நிலையத்தில் கூடலூர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
கோத்தகிரிக்கு ஏறினேன்.
தொட்டபெட்டா பிரிவு தாண்டும்வரை
எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்தேன்.

அன்றைக்கு, ஸ்கார்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
நான் கிளம்பியபோது
கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி அவள் சொன்னாள்:
"துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போடி."

சளிக்கா என்று சிரித்தேன்.