அந்தச் சிவப்பைக் கொஞ்சம் குறைங்க

மலை ஒரேயடியாக வருவதில்லை.
முதலில் ஒரு பொரி உருண்டை.
பிறகு கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாய்.
சில்வர் ஓக் கிளைகள் கூர்மையாக
ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை
கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் அறையில்
சமோசாத் தட்டு சுற்றி வந்தது.

நூற்றுப்பதினாறு கோடிப் புள்ளிகள்.
வெளித்தோலுக்கு லேசர், உள்ளுக்கு மின்சாரம்.
இருபது நாள் ஏற்காட்டுச் சாலையோரம்
எஃகுக் கம்பிகளை அடித்து, கேபிள் இழுத்து
அட்டை கடித்த காலோடு
நானும் மாதேஸ்வரனும் கொண்டுவந்தது.
இந்த லேப்டாப் அவ்வளவையும் தாங்காது.
பார்க்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு
மற்றதைக் கைவிட்டுவிடும்.
முகத்தைத் திருப்பினால்
முதுகுப் பக்கம் மலை கிடையாது.

ஸ்லைடரை இழுத்தேன்.
மரம் போனது, தார் போனது, செம்மண் போனது,
பாறை கண்ணாடியானது.
பன்னிரண்டாம் வளைவில், தடுப்புச் சுவருக்குப் பின்னால்
சிவப்பாய், ஈரல் வடிவில்
தேங்கி நின்றது தண்ணீர்.

"தண்ணி எதுக்கும்மா சிவப்பு?"
என்றார் செயற்பொறியாளர் பொன்னம்பலநாதன்.
நான் வைத்த நிறம்தான் சார்.
போன மாதம் நீலம் வைத்திருந்தேன்,
யாரும் சமோசாவிலிருந்து நிமிரவில்லை.
"கொஞ்சம் குறைங்க. பத்திரிகைக்காரங்க வேற வராங்க."

குறைக்கலாம்.
அறுபது ஓம் என்ற வரம்பை
நாற்பதுக்கு இறக்கினால் ஈரல் நெல்லிக்காயாகும்.
இருபதில் அதுவும் இல்லை,
சௌக்கியமான மலை.
நடுவில் எங்கோ நனைந்து கிடக்கிறது உண்மை.
எந்த எண்ணில் என்று
எனக்கே திட்டமாகத் தெரியாது.
இதை அங்கே சொல்லவில்லை.

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன்.
முதல் இழுப்பில் சேர்வராயன் தலைகீழ்.
யாரோ சிரித்தார்கள்.
அடுத்ததில் பாறைக்குள் போய்விட்டார்,
வெளியே வரத் தெரியாமல்
எங்கெங்கோ திரும்பி
அண்ணாந்து நின்றார்.
மேலே சாலை.
அடியிலிருந்து பார்த்தால்
அது அப்பளத் தடிமன்.
அதன்மேல் கலங்கலாக ஏதோ இழுபட்டுக் கிடந்தது.

"இது என்ன?"
"பஸ் சார். நாங்க அளந்தப்ப போச்சு,
அசைஞ்சதால அப்படி. அழிச்சிடறேன்."
"இருக்கட்டும்."

ஸ்லைடரை அவரே ஏற்றினார்.
அறுபது. எழுபது.
ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றேன்.
மலை முழுசாக இருந்தது,
யாரும் பார்க்காத பக்கமும் சேர்த்து.
மாதேஸ்வரன் போன் செய்தான்:
"மேல தூறல் பிடிச்சிருச்சுக்கா."